காற்று இல்லாத குரல்

சுகுணாவும் பிரேம்குமாரும் நேருக்கு நேர் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவில் மொத்தமே இரண்டு அறைகள்தான். ஒன்றில் பிரேம்குமார் தான் எடுத்து வந்த படங்களை வெட்டித் தொகுத்தான். மற்றதில் சுகுணா ஒலி சேர்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் ஸ்டுடியோவின் வாட்ஸ்அப் குழுவில், முதலாளி ரத்தினவேலும் பார்க்கும்படி எழுதிக்கொண்டார்கள். "சிலருடைய வேலை முடியாததால் என் வேலை நிற்கிறது" என்று அவள் எழுதுவாள். "கேட்டால்தானே சொல்ல முடியும்" என்று அவன் பதில் போடுவான்.

பகை ஆரம்பித்தது ஒரு கம்பெனிக்காரர் முன்னால். தொழிற்சாலைப் பாதுகாப்புப் படம் ஒன்றைப் பார்க்க வந்த மேனேஜரிடம் பிரேம்குமார் சிரித்துக்கொண்டே, "சவுண்டுல என்னாங்க இருக்குது? என் சாஃப்ட்வேர்லயே அதுக்கு ஒரு பக்கம் இருக்குது. என்கிட்ட விட்டிருந்தா அரை மணி நேரத்துல முடிச்சிருப்பேன்" என்றான். சுகுணா அதை மனதில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தபோது, தாலி கட்டும் நேரத்தில் படம் மங்கலாகிப் போயிருந்ததை அவர்களாகக் கவனிப்பதற்கு முன்பே சுட்டிக்காட்டினாள். "சார்தான் எடுத்தாரு. அவரையே கேட்டுக்கோங்க" என்றாள். அன்றிலிருந்து அவன் அவளை 'மேடம்' என்றும் அவள் அவனை 'சார்' என்றும்தான் சொல்வது. அந்த இரண்டு சொற்களையும் அவர்களைப் போல் யாரும் அவ்வளவு கசப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு படம் கெட்டுப்போய் வெளியே போனது. அவன் வெட்டிய படத்தை அவள் தன் சாஃப்ட்வேருக்கு மாற்றி, ஒலி சேர்த்து, திரும்ப அவனுக்கு அனுப்பினாள். எங்கோ இடையில் ஒலி நழுவிவிட்டது. போச்சம்பள்ளித் தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிக் கூடத்தில் அதைப் போட்டபோது, பேசுகிறவரின் உதடு முதலில் அசைந்தது, வார்த்தை பின்னால் வந்தது. தொழிலாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மேனேஜர் போனில் ரத்தினவேலைக் கிழித்துவிட்டார்.

ரத்தினவேல் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "யாரு தப்புன்னு எனக்கு வேண்டாம். ரெண்டு சாஃப்ட்வேரு, ரெண்டு ஃபைலு, நடுவுல உங்க ரெண்டு பேரு சண்டை. இனிமே ஒண்ணுதான். சவுண்டை எதுல பண்றதுன்னு ஒரு வாரத்துல ரெண்டு பேரும் காட்டுங்க. எது நல்லாயிருக்குதோ அதை வச்சிக்கலாம்."

பிரேம்குமாரின் கட்சி எளிமையானது. படம் வெட்டும் அதே சாஃப்ட்வேருக்குள் ஒலிக்கும் ஒரு பக்கம் உண்டு. எதையும் எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. நழுவவும் நழுவாது. அவன் சொன்னது உண்மைதான் என்று சுகுணாவுக்கும் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டில் இரண்டாவது அறைக்கு வேலையே இல்லை. விருதுநகரிலிருந்து கல்யாணமாகி வந்து, கணவன் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வர, தனக்கென்று அவள் பிடித்து வைத்திருந்தது அந்த அறை ஒன்றைத்தான். அதை அவன் கேட்கிறான் என்றே அவளுக்குப் பட்டது.

ஒலிக்கென்றே தனியாக உள்ள பெரிய சாஃப்ட்வேரைத்தான் அவள் சொன்னாள். அதில் எத்தனை டிராக் வேண்டுமானாலும் போடலாம், ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகத் தொடலாம். ஆனால் ரத்தினவேலுக்கு இதெல்லாம் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். அவருக்குக் கண்கட்டு வித்தை மாதிரி ஒன்று வேண்டும். வாங்குவதற்கு முன் சில நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கக் கிடைத்த அந்த சாஃப்ட்வேரில் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. இரைச்சலில் பேசிய குரலைக் கொடுத்தால், இரைச்சலைக் கழித்து, குரலில் உடைந்துபோன இடங்களைத் தானே ஊகித்து நிரப்பிக் கொடுக்கும்.

அதைக் காட்டுவதற்கு அவளிடம் தோதான ஒரு துண்டும் இருந்தது. அஞ்செட்டிப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று யானைகளால் வரும் சேதத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தது. அதிகாரிகளை வரவழைத்துப் போட்டுக் காட்டி, யானைகளைத் தடுக்க அகழி கேட்பதற்காக. நாட்றாம்பாளையத்து விவசாயி எல்லப்பன் பேசியதைப் பிரேம்குமார்தான் போய் எடுத்து வந்தான். கேழ்வரகுக் காவலுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போன இடத்தில், அவர் மனைவி சாந்தம்மாவை யானை அடித்துக் கொன்றுவிட்டது. அந்தக் காட்டு மேட்டிலேயே நின்று அவர் பேசியிருந்தார். மைக்குக்குப் போடும் காற்றுத் தடுப்பை பிரேம்குமார் காரிலேயே விட்டுவிட்டான். பேச்சு முழுக்கக் காற்று உறுமியது. பாதி வார்த்தை கேட்டது, பாதி கேட்கவில்லை.

ரத்தினவேல் முன்னால் சுகுணா அதை ஒருமுறை அப்படியே போட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு பட்டனைத் தட்டிவிட்டு மறுபடி போட்டாள். காற்று அடியோடு போய்விட்டது. எல்லப்பன் ஏதோ மூடிய அறைக்குள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

"அடேங்கப்பா!" என்றார் ரத்தினவேல். "ரேடியோல பேசுற மாதிரியில்ல இருக்குது!"

கதவோரம் நின்றிருந்த பிரேம்குமார், "இது அவரு குரல் இல்லீங்க" என்றான். "அவருகிட்ட நான் நாள் பூரா உக்காந்திருந்தேன். பாதி கன்னடம் கலந்து, இழுத்து இழுத்துப் பேசுவாரு. இதுல என்னமோ டவுன்காரன் மாதிரி பேசுறாரு. எங்கயோ இடிக்குது."

"காத்துத் தொப்பி போடாம மைக்கைக் குத்திட்டு வந்தவுகளுக்கு இடிக்கத்தான் செய்யும்" என்றாள் சுகுணா. "உங்க தப்பை நான் கழுவிக் குடுத்திருக்கேன் சார். நன்றி சொல்லாட்டியும் பரவாயில்ல."

"முழுசா ஒரு தடவை உக்காந்து ஒப்பிட்டுப் பாருங்க மேடம். வார்த்தைக்கு வார்த்தை."

"எனக்கு வேலை சொல்லிக் குடுக்காதீக."

"குடுக்காதீகளா?" அவள் விருதுநகர்ப் பேச்சையே அவன் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனான். அவளுக்குக் காது வரை சூடேறியது. அன்று மாலையே ரத்தினவேல் அவள் கேட்டதை வாங்கிக் கொடுத்தார். ஒலிப்பக்கம் பிரேம்குமார் தலையிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அவள் எல்லப்பனின் பேச்சு முழுவதையும் அந்தக் கருவிக்குள் விட்டு எடுத்தாள். வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவன் சொன்னான் என்பதற்காகவே பார்க்கவில்லை.

நாட்றாம்பாளையத்துச் சமுதாயக்கூடத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் போட ஏற்பாடாகியிருந்தது. ஜன்னல்களைத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். வனத்துறையிலிருந்தும் வருவாய்த் துறையிலிருந்தும் அதிகாரிகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி கட்டிய எல்லப்பன். இரண்டு வரிசை தள்ளி சாந்தம்மாவின் அண்ணன் முனிசாமி, தேன்கனிக்கோட்டையிலிருந்து தன் ஆட்களோடு வந்திருந்தான். தங்கை செத்த நாளிலிருந்து அவன் மச்சானோடு பேசுவதில்லை என்றும், 'இவன் ஓடிப்போயித் தப்பிச்சிக்கினான், என் தங்கச்சிய விட்டுட்டான்' என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிகிறான் என்றும் சங்கத்துக்காரர் ஒருவர் சுகுணாவிடம் கிசுகிசுத்தார். அவள் கேட்டும் கேட்காமலும் ஸ்பீக்கர் வயரைச் சொருகிக்கொண்டிருந்தாள். பிரேம்குமார் லேப்டாப்போடு மேசையருகே நின்றான்.

படம் நன்றாகத்தான் போனது. மிதிபட்ட வயல், உடைந்த வேலி, ராத்திரிக் காவல் பரண். பிறகு எல்லப்பனின் முகம். பிறகு அவர் குரல் மட்டும் தொடர, திரையில் நாசமான கேழ்வரகுக் கொல்லை.

"அவ முன்னாடி போயிட்டா. இருட்டு. ஏனு மாடோது, என்ன பண்றது? நான் கையப் பிடிச்சேன். அது வந்துடுச்சு. நான் அவ கைய விட்டேங்க. அதோட எல்லாம் போச்சு."

பிறகு ஒரு நாற்காலி பின்னால் விழுந்தது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா எல்லாரும்?" முனிசாமி கத்தினான். "அவன் வாயாலயே சொல்லிட்டான்! விட்டேன்னு சொல்லிட்டான்!"

எல்லப்பன் எழுந்து திரும்பினார். அவர் முகத்தில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது. "இல்லீங்க. நான் அப்படிச் சொல்லலே" என்றார் அதிகாரிகளைப் பார்த்து. "விடலேன்னுதான் சொன்னேன். நான் விடலே." முனிசாமி வரிசைகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் கழுத்துத் துண்டைப் பற்றி இழுத்தான். கன்னத்தில் விழுந்த அடியின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. பெண்கள் அலறினார்கள். யாரோ தார்ப்பாயைப் பிய்த்தார்கள், வெயில் உள்ளே வந்து விழுந்தது. அதிகாரிகள் ஃபைல்களை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்கள்.

சுகுணா இரண்டு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். விடலேங்க, விட்டேங்க. நடுவில் ஒரே ஒரு 'ல'. காற்று அந்த எழுத்தை விழுங்கியிருக்கிறது. கருவி அந்த ஓட்டையில் தனக்குத் தெரிந்த எதையோ வைத்து அடைத்திருக்கிறது. அவள் அதைக் கேட்கவே இல்லை.

சங்கத்துக்காரர்கள் முனிசாமியைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். கூட்டம் இப்போது மேசையைச் சூழ்ந்தது. "யாருய்யா இந்தப் படம் பண்ணது?" "யாருகிட்ட துட்டு வாங்கினீங்க?" என்று குரல்கள். சுகுணா பிரேம்குமாரின் பக்கம் திரும்பினாள். அவன் லேப்டாப்பில் அசல் பதிவு இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"சார், ஒரிஜினலைப் போடுங்க."

அவன் நகரவில்லை. "எதுக்கு?"

"சும்மா விளையாடாதீக. போடுங்க."

"இந்த ஜனங்க நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் அடிக்கப்போறாங்க" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. "சவுண்டு பக்கம் நான் தலையிடக் கூடாதுன்னு முதலாளி சொன்னாருல்ல? மைக்கை எடு. யாரு மாத்துனதுன்னு எல்லாருக்கும் சொல்லு. அப்புறம் போடுறேன்."

அவன் முதல் தடவையாக அவளை ஒருமையில் கூப்பிட்டான். அந்த நிமிஷத்தில் அவனைக் கொல்லலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் எல்லப்பன் தரையில் உட்கார்ந்து, கிழிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சொல்லலே, நான் சொல்லலே" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். சுகுணா மைக்கை எடுத்தாள்.

"அய்யா சொன்னது அது இல்லீங்க. காத்துச் சத்தத்தை எடுக்கிறதுக்கு நான் ஒரு கருவி போட்டேன். அது வார்த்தைய மாத்திருச்சு. நான் சரிபார்க்கல. தப்பு என்னோடது."

"மிஷினு எப்படிம்மா வார்த்தைய மாத்தும்?" என்றான் முனிசாமி. "அவன் குரல்லதான் கேட்டுச்சு. எங்களை என்ன கேனைன்னு நெனச்சியா?"

பிரேம்குமார் அசலைப் போட்டான். கூடம் முழுக்கக் காற்று உறுமியது. 'நான் அவ கைய' என்பது வரை கேட்டது. பிறகு ஒரு பெரும் வீச்சு. அதற்குள் 'ங்க' என்று மட்டும் ஒரு முனகல். மறுபடி போட்டான். மறுபடியும் அதே. சுகுணாவுக்கே எதுவென்று சொல்ல முடியவில்லை.

"ஒண்ணும் கேக்கலயே" என்றான் முனிசாமி. அவன் குரலில் வெற்றி இருந்தது. "நல்லாக் கேட்டதைப் பொய்ன்றீங்க. கேக்காததை நெசம்ன்றீங்க."

சங்கத்துக்காரர்கள் சுகுணாவையும் பிரேம்குமாரையும் காரில் ஏற்றி அனுப்புவதற்குள் பின் கண்ணாடியில் ஒரு கல் விழுந்து விரிசல் விட்டது. தேன்கனிக்கோட்டை டீக்கடையில் நிறுத்தியபோது சுகுணா வெடித்தாள்.

"ஒரு மனுசன் அங்க அடி வாங்கிட்டிருக்காரு, நீங்க என்கிட்ட கணக்குத் தீர்க்கிறீக."

"நான் சொன்னப்போ கேட்டிருந்தா அந்த அடியே இல்ல."

"காத்துத் தடுப்பைப் போட்டிருந்தா?"

அவன் டீயைக் குடிக்காமல் கீழே கொட்டினான்.

மறுநாள் காலை அவள் அந்த ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கருவியைத் தொடவில்லை. காற்றின் தாழ்ந்த சத்தத்தை மட்டும் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். குரல் இருக்க வேண்டிய இடத்தை மெல்லத் தூக்கினாள். ஹெட்போனை அழுத்திக் கேட்டாள். ஒருமுறை 'விடலே' என்று கேட்டது. அதே துண்டைத் திரும்பப் போட்டால் 'விட்டே' என்றும் கேட்டது. கேட்கக் கேட்க அவளுக்கு எது வேண்டுமோ அது கேட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒருவேளை கருவி சொன்னதுதான் சரியோ? ஒருவேளை அந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டு, ஊர் முன்னால் மறுக்கிறாரோ? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மத்தியானம் பிரேம்குமார் அவள் அறைக்குள் வந்தான். அனுமதி கேட்கவில்லை. "எழுந்து வாங்க" என்றான். அவன் திரையில் அந்தக் காட்சியின் அசல் படம் இருந்தது. படத்தில் அந்த வரி வரும்போது அவன்தான் கேழ்வரகுக் கொல்லையைக் காட்டியிருந்தான். எல்லப்பனின் முகத்தை அந்த இடத்தில் யாருமே பார்த்திருக்கவில்லை.

"சவுண்டை விடுங்க. பாருங்க."

ஒலியில்லாமல் மெதுவாக ஓடவிட்டான். எல்லப்பன் தன் இடது கை மணிக்கட்டை வலது கையால் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். நரம்பு புடைத்தது. பேசிக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டினார். வாய் திறந்தது, நாக்கு மேலே எழும்பி முன்பல்லுக்குப் பின்னால் தொட்டு இறங்கியது. 'ல'. அவர் மணிக்கட்டை விடவே இல்லை. அடுத்த வரியிலும் விடவில்லை. பிரேம்குமார் 'கட்' என்று சொன்ன பிறகும், கேமரா ஓடிக்கொண்டிருந்தவரை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதை எதுக்கு மூடுனீக?" என்றாள் சுகுணா.

"பாக்க முடியல" என்றான் அவன். "அதான் வயலைப் போட்டேன்." பிறகு உடனே குரலைக் கடுமையாக்கிக்கொண்டான். "முனிசாமி வீட்டுக்கு நான் தனியாப் போனா அடிப்பான். நீங்க தனியாப் போனாலும் உள்ள விட மாட்டான். வண்டி ரெடியா இருக்குது."

தேன்கனிக்கோட்டை போகும் வழியெல்லாம் யார் எதை எப்போது தவறாகச் செய்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். பழைய கல்யாண வீடியோ வரை வந்துவிட்டது. முனிசாமி வாசலிலேயே அவர்களை மறித்தான். "இப்ப எந்த மிஷினு கொண்டாந்தீங்க?"

"மிஷினு இல்லீங்க. சத்தமே இல்ல" என்றான் பிரேம்குமார். "பாத்துட்டு, நீங்க என்ன சொன்னாலும் போயிடுறோம்."

வாசலில் நின்றபடியே முனிசாமி பார்த்தான். முதலில் அலட்சியமாக. பிறகு லேப்டாப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். முடிந்ததும் 'இன்னொரு வாட்டி' என்று சைகை காட்டினான். மூன்றாவது தடவை பாதியில், மூடியை அறைந்து சாத்தினான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அவன் விடலேன்னே வச்சிக்குவோம்" என்றான். "அப்பவும் அவதானே செத்தா?" பிறகு உறுமினான். "போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் எங்கும் எல்லப்பனைப் பற்றிப் பேசுவதில்லை என்று சங்கத்துக்காரர் போனில் சொன்னார். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

எல்லப்பனைப் பார்க்க சுகுணா தனியாகப் போனாள். அவர் கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. கன்னத்தில் வீக்கம் இன்னும் இருந்தது. புதிதாக ஒருமுறை பேசிப் பதிவு செய்து படத்தில் சேர்த்துவிடலாம் என்று அவள் சொல்லத் தொடங்கினாள்.

"எதுக்கோசரம்?" என்றார் அவர். "எவ்ளோ கஷ்டப்பட்டு அந்த ஒரு வாட்டி சொன்னேன் தெரியுமா? ஒன்றரை வருஷமா யாருகிட்டயும் சொல்லாததைச் சொன்னேன். நீ எனக்குப் பதிலா வேற எதையோ பேச வச்சிட்டே. இனிமே நான் சொல்ல மாட்டேன். என் மூஞ்சி அந்தப் படத்துல இருக்கக் கூடாது. என் குரலும் இருக்கக் கூடாது."

"எடுத்துடுறேங்க, அய்யா."

"எடுத்துட்டேன்னு வந்து சொல்ல வேண்டாம். எடுத்துடு, அவ்ளோதான்."

கதவு சாத்திக்கொண்டது. அவள் அஞ்செட்டி பஸ்ஸுக்காகச் சாலையில் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

எல்லப்பன் இல்லாத படத்தைச் சங்கம் கிருஷ்ணகிரியில் போட்டுக் காட்டியது. அதிகாரிகள் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். உயிர் போன வீடு ஒன்றாவது படத்தில் இருந்திருந்தால் அகழி அப்போதே கிடைத்திருக்கும் என்று சங்கத்துக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். அடுத்த வேலைக்கு வேறு ஸ்டுடியோவைத் தேடிக்கொண்டார்கள்.

அந்த வாரமே சுகுணா ரத்தினவேலிடம் போய், "பிரேம்குமார் சொன்ன சாஃப்ட்வேரையே வச்சிக்கோங்க" என்றாள். அறை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

பிரேம்குமார் அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தான். "தியாகம் பண்ணுறீங்களா மேடம்? என் சாஃப்ட்வேர்லயும் அதே மாதிரி ஒரு பட்டன் போன மாசம் வந்துடுச்சு. எல்லாத்துலயும் வந்துடுச்சு. எதை வாங்குனாலும் அது இருக்கும். அதை அமுக்குறது யாரு, அமுக்கிட்டு ஒழுங்காக் கேக்குறது யாருன்றதுதான் கேள்வி. எனக்குக் காது கிடையாது. அது எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தலைக்கனம்தான் இருக்கு."

"உங்களுக்கு ரெண்டுமே இருக்குது. அதான் பிரச்சினை."

ரத்தினவேல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏதாவது ஒண்ணுல போய் வேலையைப் பாருங்கய்யா" என்று கையை உதறினார். ஒலிக்கென்று தனியாக வாங்கியதையே வைத்துக்கொண்டார்கள். நழுவாமல் மாற்றுவதற்கு ஒரு முறையை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டே, கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் வேலை இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் எடுத்த படம். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் தொழிலாளி பேசியிருந்தாள். சுகுணா முதலில் அசலைப் போட்டு பிரேம்குமாரைக் கூப்பிட்டாள். "இந்த இடத்துல என்ன சொல்றா?"

"கேக்கல. திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டாள்.

"பயமா இருந்துச்சுன்றா" என்றான்.

"இல்ல. பழக்கமாயிருச்சுன்றா."

"பயம்."

"காதைச் சுத்தம் பண்ணிட்டு வாங்க சார்."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். இருவரும் முறைத்துக்கொண்டே அந்தப் பெண்ணின் போன் நம்பரைத் தேட ஆரம்பித்தார்கள், அவளிடமே கேட்டுவிடுவதற்காக.